உங்களுக்குத் தெரியுமா? ரோபோவை ஓட்ட இரண்டு கைப்பிடி!

செகா நிறுவனம் 1995இல் ஆர்கேடுக்குக் கொண்டுவந்த 'வர்ச்சுவல் ஆன்' விளையாட்டில் ராட்சத ரோபோக்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதும். ரோபோக்களை வரைந்தவர் 'குண்டம்' ரோபோ அனிமே புகழ் ஹஜிமே கடோகி. கைக்கு ஒன்றாக இரண்டு ஜாய்ஸ்டிக். இரண்டையும் முன்னே தள்ளினால் ரோபோ முன்னேறும். வெளிப்பக்கமாக விரித்தால் தாவும். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் திரும்பும். கிட்டத்தட்ட புல்டோசர் ஓட்டுவதுபோலத்தான்!

மறு ஆண்டே இந்த விளையாட்டு செகாவின் சாட்டர்ன் கன்சோலுக்கும் வந்தது. சாதாரண கன்ட்ரோலரில் அந்தச் சுகம் வருமா? இரட்டைப் பிடியைத் தனியாக விற்றார்கள்.

வேடிக்கை பிறகுதான். 2018இல் பிளேஸ்டேஷன் 4-க்காக அதே இரட்டைப் பிடியைச் செய்ய ரசிகர்களிடம் நிதி திரட்டியது ஒரு ஜப்பானிய நிறுவனம். முதல் முயற்சி தோற்றது, இரண்டாவது வென்றது. அந்த 'தனிட்டா' நிறுவனத்தின் அன்றாடத் தொழில், உடல் எடை பார்க்கும் கருவி செய்வது!