விழாத எதிராளியும் களைத்துப் போவார்

மல்யுத்தம் என்றாலே எதிராளியைத் தூக்கித் தரையில் சாய்ப்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். சாய்க்க முடியாமல் போன முயற்சி வீண் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அது உண்மைதானா? ஜார்ஜிய நாட்டு வீரர் மெராப் ட்வாலிஷ்விலியின் ஆட்டம் இக்கேள்விக்குத் தக்க விடையாக அமைகிறது.

இவர் 1991ஆம் ஆண்டு திபிலிசியில் பிறந்தவர். சிடாவோபா எனும் மரபு மல்யுத்தம் இன்றும் வாழும் நாடு அது. பின்னர் அமெரிக்காவில் குடியேறி, கட்டுமான வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்றார். கலப்புத் தற்காப்புக் கலையின் முன்னணிக் களமான யுஎஃப்சியில், 2017இலும் 2018இலும் ஆடிய முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வியே கண்டார்.

அதன் பிறகு நிகழ்ந்ததுதான் கவனிக்கத்தக்கது. 2022 ஆகஸ்டில் பிரேசிலின் ஜோசே ஆல்டோவைச் சாய்க்க 16 முறை முயன்றார், ஒருமுறைகூட முடியவில்லை. ஆயினும் வென்றார். 2023 மார்ச்சில் ரஷ்யாவின் பியோத்தர் யானுடன் 25 நிமிடங்கள் மோதினார். 49 முறை முயன்று, 11 முறை மட்டுமே சாய்த்தார். அப்படியிருந்தும் மூன்று நடுவர்களும் ஐந்து சுற்றுகளையும் அவருக்கே வழங்கினர்.

வீணான 38 முயற்சிகள் என்ன செய்தன? காலைப் பிடிக்க ஒருவர் பாயும்போது, மற்றவர் இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கைகளால் பிடியை விடுவிக்க வேண்டும். கூண்டில் சாய்ந்தபடி எதிராளியின் பாரத்தையும் தாங்க வேண்டும். தசைகள் இறுகி, மூச்சு வாங்கும். நிமிர்ந்து குத்த நினைக்கும்போதே அடுத்த பாய்ச்சல் வந்துவிடும். இப்படித் தடுப்பதிலேயே அவரது நேரமும் வலிமையும் கரைந்துபோகின்றன.

ஆனால், பாய்பவரும் களைப்பார் என்பதை மறந்துவிடக்கூடாது. எதிராளியைவிட அதிக மூச்சைச் சேமித்து வைத்திருப்பவருக்கே இந்த உத்தி பலிக்கும். மெராப்புக்கு ‘இயந்திரம்’ எனும் பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான். 2024 செப்டம்பரில் ஷான் ஓமாலியை வென்று, 61.2 கிலோ எடைப் பிரிவின் வெற்றியாளரானார். 2025இல் ஜனவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் மூன்று முறை பட்டத்தைத் தற்காத்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் நான்காவது முறையாகக் களமிறங்கினார். எதிரில் நின்றவர் அதே யான். இம்முறை அவர் பிடிகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்தார். வயிற்றுப் பகுதியைத் தாக்கினார். நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் பட்டத்தையும் பறித்தார்.

ஐந்து சுற்றுகளையும் இழந்தவர், இரண்டே முக்கால் ஆண்டுகளில் அதே முறைக்கு மாற்று கண்டுபிடித்துத் திரும்பி வந்தார். விடாமுயற்சி ஒருவருக்கு மட்டுமே உரிய சொத்தல்ல என்பதைக் களத்தில் இறங்குவோர் மனத்தில் கொள்வது நல்லது.