641-இடம் பிடிபட்ட எண்

4294967297. நம் கணக்கில் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் எனக்குப் பெரிய எண்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

சதுரங்கப் பலகையில் ஒரு நெல், இரண்டு நெல், நான்கு நெல் என்று இரட்டித்து வைக்கும் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் 33ஆம் கட்டத்துக்கு வரும் நெல்லோடு இன்னும் ஒன்று சேர்த்தால் இந்த எண். அதாவது 2³² + 1.

பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய ஃபெர்மா, 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, வந்த விடையோடு 1 கூட்டினார். 3, 5, 17, 257, 65537 கிடைத்தன. ஐந்தும் பகா எண்கள். அடுத்து வரும் நம் எண் 2³² + 1-உம், அதற்குப் பின் வருபவை எல்லாமும் அப்படியே இருக்கும் என்று 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் இல்லை, நம்பிக்கை இருந்தது.

1729-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் இதை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல், 25 வயது ஆய்லர் விடை சொன்னார்: நம் எண் பகா எண் அல்ல, அது 641 × 6700417. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

2, 3, 5 என்று பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துக்கொண்டே போனால் 641 என்பது 116ஆவது. அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறது! எங்கே தேட வேண்டாம் என்று அறிவதில் இவ்வளவு பலம் இருக்கிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது.

641 இதை மீதியின்றி வகுக்கும் என்பதை, வகுக்காமலே நிரூபிக்கவும் வழி உண்டு. பத்தாம் வகுப்பின் மட்டு எண்கணிதம் போதும். 5 × 2⁷ என்பது 640, அதாவது 641-க்கு ஒன்று குறைவு. எனவே 641-ஆல் வகுக்கும் கணக்கில் அதை −1 என்று கொள்ளலாம். நான்கு முறை பெருக்கினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம், 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். இப்போது −2³²-இன் மீதி 1 என்றாகிறது. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதியே இல்லை. இந்த வரி கரும்பலகையில் வரும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை. 2-இன் அடுக்காக 1048576-ஐப் போட்டு 1 கூட்டினால் 3,15,653 இலக்கங்கள் கொண்ட எண் வரும். அது பகு எண் என்பது 1987-இலேயே உறுதியாகிவிட்டது. ஆனால் அதை வகுக்கும் எண் ஒன்றைக்கூட யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.