வாசல் வளைவில் எந்தக் கொடி?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் வீடு கட்டிக் குடியேறுவோர், வாசலில் வளைவு அமைத்துக் கொடி படரவிட விரும்புவது இயல்பே. ஆயினும் மலரைப் பார்த்துக் கொடியைத் தேர்வோர், அதன் கிழங்கையும் விதையையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

செங்காந்தள் நம் மாநில மலர். அதன் எழிலில் எனக்கும் ஐயமில்லை. எனினும் குழந்தைகள் உள்ள வீட்டிற்கு அது உகந்ததன்று. அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. வேகவைத்தாலும் அது அழியாது. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை தணிந்ததும் நலமாகிவிட்டதென ஏமாறலாகாது. அடுத்த சில நாள்களில் எலும்பு மஜ்ஜை நலிந்து இரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

குன்றிமணிக் கொடியும் வேண்டாம். அவ்விதையை மென்று விழுங்குவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஐயம் எழுந்தால், உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்; செடியின் துண்டொன்றையும் மறவாமல் கொண்டு வாருங்கள்.

வளைவுக்கு முல்லை போதும். பாரி தேரையே தந்தான். நாம் இரும்புக் கம்பி தருகிறோம், அவ்வளவே. காய் விரும்புவோர் அவரையோ புடலையோ ஏற்றலாம். தொட்டியின் அடித்தட்டில் மட்டும் நீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அத்தகைய நீரில் பெருகும்.