தண்டுக்குள் ஓர் உழத்தி

பூச்சியைக் கண்டால் முகம் சுளிப்பவர் பெரியவர். குனிந்து நோக்குபவர் சிறுவர். இந்த ஆவலை நம்பியே மேனாடுகளில் ஒருவகைச் சித்திரக்கதை நூல்கள் தோன்றியுள்ளன. அவற்றில் பூச்சிகளே பாத்திரங்கள். பேச்சு நகைச்சுவை, செய்தி விஞ்ஞானம். அமெரிக்க உயிரியற் பேராசிரியரான ஜே ஹொஸ்லர் எழுதி வரைந்த 'கிளான் ஏபிஸ்' என்னும் நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் நியூக்கி என்னும் தேனீக் குஞ்சு, புழுப் பருவத்தை விட்டு வளர அஞ்சித் தயங்குகிறது. படிக்கும் பிள்ளைகள் சிரித்து முடிப்பதற்குள் தேனீயின் உருமாற்றத்தையே கற்றுக்கொள்கின்றனர். 2015ஆம் ஆண்டில் அவர் வண்டுகளைப் பாத்திரங்களாக்கி மற்றொரு நூலும் தந்தார்.

நேயர்களே, இத்தகைய கதைக்கு ஏற்ற தலைவி ஒருத்தி சப்ரகமுவ மாகாணத்திலேயே வாழ்கின்றாள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும்போது, கை சற்றே அழுந்தினாலும் சில கிளைகள் ஒடிந்துவிடுவதுண்டு. ஒடிந்த இடத்தை உற்றுப் பார்த்தால், குண்டூசித் தலையளவான துளை ஒன்று தென்படும். துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தது போன்ற துளையாதலால், அதனை உண்டாக்கும் வண்டுக்கு ஆங்கிலத்தில் 'ஷொட் ஹோல் போரர்' என்று பெயரிட்டனர்.

இரண்டு மில்லிமீற்றர் அளவேயான இந்தக் கரிய பெண்வண்டு மரத்தைத் தின்பதில்லை! தண்டைக் குடைந்து சுரங்கம் அமைக்கிறது. தன் வாயிலுள்ள சிறு பைகளிற் சுமந்து வந்த பூஞ்சண வித்துக்களை அச்சுவரில் விதைக்கிறது. முளைத்த பூஞ்சணமே தாய்க்கும் குஞ்சுகளுக்கும் உணவு. மனிதன் ஏர் பிடிப்பதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வண்டினம் பயிர்த்தொழில் பழகிவிட்டது. ஆண்வண்டின் கதையோ நகைப்புக்குரியது. அதற்குப் பறக்கத் தெரியாது. பெண்வண்டுகள் புது வீடு தேடிப் பறந்து செல்ல, அது பெரும்பாலும் பிறந்த சுரங்கத்திலேயே காலங் கழிக்கிறது.

இக்கதைக்குத் துயரமான அத்தியாயமும் ஒன்றுண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டித் தின்னும் வேறொரு புழுவை அடக்குவதற்காக, 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து சிறு குளவியொன்று இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிடும். குஞ்சு புழுவை உண்டு வளரும். தோட்டங்கள் பெரிதும் தப்பின. பின்னர், தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. நஞ்சுக்குப் பகைவன் யார், நண்பன் யார் என்ற வேறுபாடு தெரியுமா? குளவி மடிந்தது, அடங்கியிருந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. ஒரு பகையை வெல்லப் போய் மற்றொரு பகைக்கு வாசல் திறந்த கதையாயிற்று.

இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் நிலையம் ஒன்று உண்டு. அங்குள்ள அறிஞர் அறிந்தவற்றை லயத்துப் பிள்ளைகளும் அறிதல் வேண்டும். தாயின் கையில் ஒடியும் கிளைக்குள் நடப்பதைப் படமும் சிரிப்புமாகச் சொல்லும் தமிழ் நூல் ஒன்று கிடைக்குமாயின், அப்பிள்ளை கொழுந்துக் கூடையருகே குனியும்போது பூச்சியை மட்டுமன்றி, அதன் நண்பனையும் பகைவனையும் தேடும். நஞ்சுக் குப்பியைத் திறப்பதற்கு முன் எழவேண்டிய கேள்வியும் அதுவே.