கை நின்றாலும் நில்லாத கருவி

அரிவாள் மனிதனின் கைவிசையால் இயங்குவது. கை நின்றால் அதுவும் நின்றுவிடும். பெட்ரோலால் இயங்கும் புல்வெட்டும் இயந்திரம் அத்தகையதன்று. முடுக்கியிலிருந்து விரலை எடுத்த பின்னும் அதன் வெட்டுத்தகடு சிறிது நேரம் சுழன்றுகொண்டேயிருக்கும். தென்னந்தோப்பிலும் வரப்பிலும் விளையாட்டுத் திடலிலும் இன்று இதன் ஒலியைக் கேட்கிறோம். ஆள்பற்றாக்குறையை ஈடுசெய்யும் இக்கருவியை இயக்குவோர், அதன் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

எரிபொருளின் இயல்பு

பெட்ரோல் தீப்பற்றுவதற்குச் சுடர் அதனை நேரே தொட வேண்டுவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எளிதில் தீப்பற்றும். அவ்வாவி காற்றைவிடக் கனமானது. ஆதலால் தரையையொட்டிப் பரவித் தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டக்கூடும். எனவே, இயந்திரத்தை அணைத்து, நன்கு ஆறவிட்டு, திறந்தவெளியில் மட்டுமே எரிபொருள் நிரப்ப வேண்டும். சிந்தியதைத் துடைத்து, நிரப்பிய இடத்தைவிட்டு விலகிச் சென்ற பின்னரே இயக்குதல் வேண்டும்.

இயந்திரம் வெளியிடும் புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்துள்ளது. நிறமும் மணமும் அற்ற இவ்வளிமம், குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்கிற்கும் மேலான பற்றுடன் இணைவது. ஆகவே, மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை இயக்கிப் பார்ப்பது உயிருக்கே கேடாகும்.

சுழற்சியின் வேகம்

25 செ.மீ. விட்டமுடைய வெட்டுத்தகடு நிமிடத்திற்கு 7,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 78.5 செ.மீ. எனவே, தகட்டின் விளிம்பு நொடிக்கு 91 மீட்டருக்கு மேல் கடக்கிறது. அஃதாவது, மணிக்கு ஏறத்தாழ 330 கி.மீ. அவ்வேகத்தில் மோதும் கூழாங்கல்லும் கம்பித்துண்டும் எறிபடைகளாகிக் கண்ணைப் பறிக்கவல்லன. ஆதலின், வெட்டத் தொடங்குமுன் நிலத்தை நடந்து பார்த்துக் கல், கம்பி, கண்ணாடிச் சில்லு ஆகியவற்றை அகற்ற வேண்டும். பிறர் 15 மீட்டருக்கு அப்பால் நிற்றல் வேண்டும். இயக்குபவர் கண்காப்புக் கண்ணாடி, காதடைப்பான், கையுறை, நீள்காற்சட்டை, உறுதியான காலணி ஆகியவற்றை அணிதல் வேண்டும். மரத்தூரிலோ கல்லிலோ தகடு மோதினால் இயந்திரம் சட்டென உதறித் திரும்பும். அதனைத் தாங்கவே தோள்வாரும் இருகைப்பிடியும் அமைந்துள்ளன.

சிக்கலும் சிந்தனையும்

தகட்டில் கொடி சுற்றிக்கொள்ளும்போது இயந்திரத்தை அணைக்காமலே கையால் இழுத்தெடுக்க முனைவது பெருந்தவறு. தடை நீங்கிய கணமே தகடு சுழலத் தொடங்கலாம். முதலில் இயந்திரத்தை அணைக்க வேண்டும். தகடு முற்றிலும் நின்றதை உறுதிசெய்ய வேண்டும். பின்னர் ஸ்பார்க் பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகியின் இணைப்பைக் கழற்ற வேண்டும். அதன் பிறகே கைவைத்தல் தகும்.

இயந்திரத்தைப் பெருந்தொகை கொடுத்து வாங்குவோர் பலர், கண்காப்புக் கண்ணாடிக்கு ஆகும் சிறுதொகையை வீண்செலவாகக் கருதுகின்றனர். கூலிக்கு வெட்ட வருபவரோ, கேட்கத் தயங்கி வெறுங்கண்ணுடன் களத்தில் இறங்குகிறார். அவருக்குரிய காப்புப் பொருள்களை முன்னதாகவே எடுத்து வைப்பது வேலை தருபவரின் கடமை. அது கூலியைப் போன்றே அவருக்கு உரியது.