கூப்பிட்டால் திரும்பாத குழந்தை
திமிர் அல்ல, அடிக்காதீர்கள்!

"டேய், உன்னைத்தான்டா! காது கேக்கலை?"

சில வீடுகளில் நாள் முழுவதும் இந்தக் கத்தல்தான். கூப்பிடுவது பெற்ற தாய். 3 வயதுப் பையன் திரும்பியே பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருகிறான்!

"திமிரு" என்கிறார் பாட்டி. "செவிடோ?" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். முதுகில் நாலு அடியும் விழுகிறது.

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். இது "ஆட்டிசம்" ஆக இருக்கலாம். தமிழில் "மதி இறுக்கம்" என்கிறார்கள்.

தாய் மீது பழி

1943-ம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகர டாக்டர் லியோ கானர், இப்படிப்பட்ட 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரை முதலில் செவிடு என்றே நினைத்திருந்தார்கள்.

பிறகு பல ஆண்டுகள், "தாய்க்குப் பாசம் போதாது. அதனால்தான் குழந்தை இப்படி" என்று பழி போட்டார்கள். அது பொய் என்று தெரிந்துவிட்டது. மூளை வளரும் விதமே வேறு. தாய் மீது எந்தக் குற்றமும் இல்லை.

சத்தத்தில் மூழ்கும் பேச்சு

மின்விசிறி, டி.வி., பஸ் ஹாரன் எல்லாம் சேர்ந்து கேட்டாலும், பேச்சை மட்டும் நாம் பிரித்து எடுத்துக்கொள்கிறோம். இந்தக் குழந்தைகள் பலருக்கு அது கஷ்டம். எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மோதும்.

எப்படிப் பேசுவது?

* முதலில் டி.வி.யை நிறுத்துங்கள். அடுப்படியில் இருந்து கத்தாதீர்கள். கிட்டே போய், குழந்தை உயரத்துக்குக் குனிந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

* "சட்டையைப் போட்டுக்கிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு சீக்கிரம் வா" என்று அடுக்காதீர்கள். "சட்டை போடு." அவ்வளவுதான். சட்டையைக் கையில் எடுத்துக் காட்டுங்கள்.

* சொன்னதும் பொறுங்கள். மனதுக்குள் 10 எண்ணுங்கள். உடனே மறுபடி சொன்னால் குழந்தை குழம்பும்.

* "ஓடாதே" என்பதைவிட "நட" என்பது சுலபமாகப் புரியும்.

* குழந்தை பந்தைப் பார்க்கும்போது "பந்து" என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொல்வது மனதில் பதியும்.

* "கண்ணைப் பார்த்துப் பேசு" என்று முகத்தைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பார்க்காமலும் கேட்கும் குழந்தைகள் உண்டு.

* படம் காட்டிப் பழக்கலாம். அதனால் பேச்சு நின்றுபோகாது.

"நில்!"

இதில் உயிர் பிரச்சினையும் இருக்கிறது. கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடும் குழந்தைக்கு "நில்" என்ற சொல் புரியவேண்டும். வீட்டுக்குள்ளேயே விளையாட்டாகப் பழக்குங்கள். சேர்ந்து நடந்து, "நில்" என்றதும் இருவரும் நிற்கவேண்டும். தினமும் செய்யவேண்டும். நன்றாகப் பழகிய பிறகும் ரோட்டில் கையை விடாதீர்கள்.

எங்கே போவது?

முதல் வேலை, காது பரிசோதனை. பிறகு குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர். இதற்காக அரசு ஆஸ்பத்திரிகளில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் வாங்கலாம்.

"அவங்கப்பாவும் லேட்டாதான் பேசினார், தானா வரும்" என்று காத்திருக்கவேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் குழந்தைக்கு லாபம்.