ஐயம்பேட்டைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு நேரம்?

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஆகாய மார்க்கமாகச் சுமார் 270 கி.மீ., சாலை வழியாகச் சுமார் 350 கி.மீ.; விமானத்தில் ஒரு மணி நேரம், காரில் ஆறேழு மணி நேரம். இந்தக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் விமானத்துக்குச் சொல்லப்படும் எண்கள் மீனம்பாக்கத்தில் தொடங்கித் தேவனஹள்ளியில் முடிந்துவிடுகின்றன. ஓடுபாதையில் குடியிருப்பவர் யாருமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் உள்ள நெசவு ஊரான ஐயம்பேட்டையிலிருந்து இதைக் கணக்கிட்டால் விடையே மாறிவிடுகிறது. தறிக்கு வேண்டிய பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருவது காஞ்சி வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம் என்பதால் இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல.

பெங்களூரு மேற்கே இருக்கிறது. விமானம் ஏற வேண்டுமானால் ஐயம்பேட்டைக்காரர் முதலில் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. போக வேண்டும். ஒரகடம், வண்டலூர் நெரிசலைத் தாண்ட ஒன்றரை மணி நேரம். பெட்டி போடும் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். சோதனை வரிசையும் உண்டு. ஆகவே அங்கே இன்னொரு ஒன்றரை மணி. பிறகு ஒரு மணி நேரப் பயணம். அதிலும் ஒரு பகுதி, கிழக்கே வந்த தூரத்தைத் திரும்ப மேற்கே கடப்பதற்கே சரியாகிவிடும். இறங்கி வெளியே வர அரை மணி. 2008-ல் திறந்த தேவனஹள்ளி நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு இன்னும் 35 கி.மீ.; ஒரு மணி நேரமாவது வேண்டும். கூட்டினால் ஐந்தரை மணி. சாலையோ ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போய், தெற்கே கிருஷ்ணகிரிக்கு இறங்கி, ஓசூர் மேட்டுக்கு ஏறுகிறது. நேர்கோட்டில் 240 கி.மீ. கூட இல்லாத தூரம் அதனால்தான் 280-ஐத் தாண்டுகிறது. சராசரியாக மணிக்கு 55 கி.மீ. ஓடினாலும் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். திரும்பும்போது ஏற்றிய நூல் மூட்டையை வீட்டு வாசல்வரை இடையில் எங்கும் இறக்கி எடை போட வேண்டியதும் இல்லை.

ஓசூர்ச் சாலை நெரிசலை மறந்துவிட்டீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மாலை நேரத்தில் அது ஒரு மணி நேரத்தை விழுங்கும். ஆனால் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வரும் சாலைக்கும் அதே நோய்தான். காஞ்சிபுரம் அருகே பரந்தூரில் 2022-ல் அறிவித்த விமான நிலையம் வந்துவிட்டால்? அதற்காக நிலம் இழக்கும் ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்பு வேறு பெரிய விவகாரம். பயண நேரத்தை மட்டும் பார்த்தால், ஐயம்பேட்டையிலிருந்து போகும் தூரம் பாதிக்குக் கீழே வந்துவிடும், முக்கால் மணி நேரம்போல் மிச்சம். சோதனை வரிசையும் தேவனஹள்ளியும் அப்படியேதான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டை வரை சுமார் 260 கி.மீ. விரைவுச்சாலை முழுதாகத் திறந்தால் சாலையின் நேரமும் குறையும். விமானம் சந்தேகமில்லாமல் முந்துவது, ஜரிகை வரும் சூரத்துக்குப் போகும்போதுதான். சென்னையிலிருந்து நேர்கோட்டிலேயே 1,200 கி.மீ.; சாலையில் இரண்டு பகல் போய்விடும். வாசலிலிருந்து வாசலுக்கு விமானம் கேட்கும் கூடுதல் நான்கு, நாலரை மணி நேரம் அங்கே ஒரு பொருட்டே அல்ல.